மலைக்கும் ஏரிக்கும் ஒரு கறுப்பு வெள்ளைப் படம்

திருவண்ணாமலையில் பேருந்து ஏறி, செஞ்சி பக்கம் கிழக்கே கிளம்பினால் சோமாசிப்பாடியைத் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் கீழ்பென்னாத்தூர். திண்டிவனம், புதுச்சேரி போகிறவர்களுக்கும் இதுதான் வழி என்பதால் பேருந்துக்குப் பஞ்சமில்லை. ஆனால், இந்த வழியில் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி போகிறவர்கள் குறைவு. கிரிவலம் முடித்து வருகிறவர்களுக்குக் கால் வலி, தூக்கம். மற்றவர்களுக்குக் கையில் செல்போன்.

தலை நிமிர்த்திப் பார்த்தால் வெளியே வேறொரு உலகம் ஓடிக்கொண்டிருக்கும். யாரோ அடுக்கி வைத்ததுபோல் ஒன்றின் மேல் ஒன்றாக நிற்கும் உருண்டைப் பாறைகள். ஏரிக்கரையில் வரிசை கட்டிய பனைமரங்கள். நெல் வயலுக்கும் மல்லாட்டைக் கொல்லைக்கும் நடுவே திடீரென்று எழும்பி நிற்கும் மொட்டைக் குன்று. திரும்பிப் பார்த்தால், எவ்வளவு தூரம் போனாலும் கூடவே வருகிற அண்ணாமலை.

‘அடடா’ என்று யாராவது செல்போனை எடுத்து ஒரு படம் தட்டுவார். உச்சி வெயில். படத்தைப் பார்த்தால் வானம் வெளுத்துப்போயிருக்கும், பாறை மண் நிறத்தில் கிடக்கும், ஓரத்தில் ஒரு மஞ்சள் விளம்பரப் பலகை முழுக் கவனத்தையும் இழுத்துக்கொண்டிருக்கும். கண்ணால் பார்த்தது எங்கே, படத்தில் வந்தது எங்கே?

அதே படத்தை ‘எடிட்’ பகுதிக்குக் கொண்டுபோய்க் கறுப்பு வெள்ளையாக மாற்றினால் ஒரு சின்ன அதிசயம் நடக்கும். மஞ்சள் பலகை அடங்கிப்போகும். பாறையின் ஒரு பக்கம் வெளிச்சம், மறுபக்கம் நிழல் என்று உருண்டை உருண்டையாக வடிவம் எழுந்து வரும். இந்த ஊர்களின் அழகு நிறத்தில் இருப்பதைவிடக் கல்லிலும் நிழலிலும்தான் அதிகம் இருக்கிறது என்பது அப்போது புரியும்.

ஆல்பத்தில் இல்லாத ஊர்

வீட்டில் பழைய ஆல்பம் இருந்தால் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். தாத்தா நாற்காலியில், பாட்டி பக்கத்தில் நின்றபடி. அத்தையின் சடங்குப் படம், பின்னல் தெரிவதற்காகக் கண்ணாடி முன்னால். சித்தப்பா பள்ளிக்கூடக் குரூப் போட்டோவில் கடைசி வரிசையில். எல்லாமே கறுப்பு வெள்ளை.

அந்தப் படங்களில் மனிதர்களுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கவனித்ததுண்டா? பெரும்பாலும் ஸ்டுடியோ திரைச்சீலை. அதில் வரைந்த மாடிப்படி, வளைவுத் தூண், அன்னம் நீந்தும் குளம், எங்கேயுமே இல்லாத ஒரு பூந்தோட்டம்.

“இது எந்த ஊருக்குப் போனப்ப எடுத்தது பாட்டி?” என்று பேத்தி கேட்பாள். “ஊராவது ஒண்ணாவது, ஸ்டுடியோ படுதாடி அது!” என்று பாட்டி சிரிப்பார்.

வேடிக்கைதான். ஆனால், யோசித்தால் லேசாக வலிக்கவும் செய்யும். ஸ்டுடியோவுக்கு நான்கு தெரு தள்ளி உண்மையான ஏரி இருந்தது. உண்மையான குன்று இருந்தது. ஃபிலிம் விலை அதிகம், கேமரா ஊருக்கு ஒன்று என்றிருந்த காலத்தில் ஏரியைப் போய் யார் படம் எடுப்பார்கள்? அது எங்கே போகப்போகிறது என்ற நம்பிக்கை. மனிதர்கள்தான் போய்விடுவார்கள், அவர்களைப் பிடித்து வைத்துக்கொள்வோம் என்றுதான் நினைத்தார்கள்.

இப்போது பார்த்தால் ஏரிகளும் போயிருக்கின்றன. பல ஊர்களில் நீர் நின்ற இடம் வீட்டு மனையாகிவிட்டது. சில குன்றுகள் ஜல்லியாகி லாரியில் ஏறிவிட்டன. சாலை அகலமானபோது இருபுறமும் குடை பிடித்த புளியமரங்கள் போய்விட்டன. “இந்த இடத்துல பெரிய புளியமரம் இருந்துச்சு” என்று பெரியவர்கள் கை நீட்டிக் காட்டுகிறார்கள். காட்டுகிற இடத்தில் வெறும் வெயில். நம்புவதற்கு ஒரு படம் இல்லை.

மாட்டு வண்டியில் வந்த கேமரா

தமிழ்நாட்டு நிலத்தையும் கோயில்களையும் ஊர் ஊராகப் போய்ப் படம் பிடிக்கும் வேலை 160 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது. லின்னேயஸ் ட்ரைப் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரியை மதராஸ் அரசாங்கம் தன் புகைப்படக்காரராக நியமித்திருந்தது. 1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து கிளம்பிய அவர், ராயக்கோட்டை, சேலம் வட்டாரம், திருச்சி, ஸ்ரீரங்கம், தஞ்சாவூர், மதுரை, புதுக்கோட்டை என்று சுற்றினார். கேமராவும் ரசாயனங்களும் மாட்டு வண்டியில் வந்தன.

அவர் பெரும்பாலும் பயன்படுத்தியது ஃபிலிம் அல்ல. மெழுகு ஏற்றிய காகிதம். அதில் ரசாயனம் பூசி முன்கூட்டியே தயாராக வைத்துக்கொள்ளலாம் என்பதால், நம் ஊர் வெயிலில் பயணம் போகிறவருக்கு அது வசதி. ஆனால், படம் பதிய நேரம் பிடிக்கும். அதற்குள் நடந்து போகிற ஆளும், வாலை ஆட்டுகிற மாடும் கலங்கி மறைந்துவிடும். அதனால்தான் அந்தக் காலத்துப் படங்களில் தெருக்கள் ஆளே இல்லாத ஊர்போல இருக்கின்றன.

இன்னொரு சிக்கலும் இருந்தது. அக்காலத்து ரசாயனங்களுக்கு நீல நிற ஒளி மட்டும்தான் நன்றாகத் ‘தெரியும்’. சிவப்பும் பச்சையும் சரியாகத் தெரியாது. எனவே நீல வானம் வெறும் வெள்ளையாகவும், செம்மண் கறுப்பாகவும், மரங்கள் இருட்டுக் குவியலாகவும் பதிந்தன. ட்ரைப் என்ன செய்தார் தெரியுமா? நெகட்டிவின் மேலேயே கையால் வண்ணம் தீட்டி, வானத்தில் மேகத்தையும் மரத்தில் இலைகளையும் சேர்த்தார். இன்று செல்போனில் விரலால் செய்கிற ‘எடிட்டிங்’ வேலைக்கு அவர் அன்றைக்கே தூரிகை பிடித்திருக்கிறார்.

மதுரையில் அவர் மீனாட்சியம்மன் கோயிலையும் திருமலை நாயக்கர் மகாலையும் படம் எடுத்ததோடு நிற்கவில்லை. தெப்பக்குளத்தையும், வைகை ஆற்றைக் கடக்கப் போட்டிருந்த பாதையையும் எடுத்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து, ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். ‘பனோரமா’ என்று இன்று செல்போனைப் பக்கவாட்டில் நகர்த்துகிறோமே, அதன் கொள்ளுத் தாத்தா அது!

சில ஆண்டுகளிலேயே, செலவு அதிகம் என்று சொல்லி அரசாங்கம் அந்த வேலையை நிறுத்திவிட்டது. ட்ரைப்பும் பெரிதாகக் கேமராவைத் தொடவில்லை. ஆனால், அந்தச் சில மாதப் பயணத்தில் எடுத்தவைதான் 1850-களில் நம் ஊர்கள் எப்படி இருந்தன என்பதற்கு இன்று சாட்சி.

மலைக்கு மேல் போன ஒளி

ட்ரைப்புக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து, அண்ணாமலை அடிவாரத்துக்கே ஒரு பெரிய புகைப்படக்காரர் வந்து சேர்ந்தார். பிரான்ஸைச் சேர்ந்த ஹென்றி கார்ட்டியே-பிரெஸ்ஸோன். 1947-ல் ‘மேக்னம்’ என்ற புகழ்பெற்ற புகைப்பட நிறுவனத்தை நண்பர்களோடு தொடங்கியவர். 1948 ஜனவரி 30 அன்று, காந்தி சுட்டுக் கொல்லப்படுவதற்குச் சற்று முன்பு அவரைச் சந்தித்தவர். கையில் சின்ன லைக்கா கேமரா. பெரும்பாலும் கறுப்பு வெள்ளை ஃபிலிம்தான்.

1950 ஏப்ரலில் அவர் திருவண்ணாமலையில் இருந்தார். ரமண மகரிஷியின் கடைசி நாள்கள் அவை. மகரிஷியையும், ஆசிரமத்தில் கவலையோடு காத்திருந்த மக்களையும் படம் எடுத்தார். ஏப்ரல் 14 இரவு. வெளியே நின்றிருந்தவர் வானத்தில் ஒளிவாலோடு ஒரு எரிநட்சத்திரம் மெதுவாக நகர்ந்து போய் அண்ணாமலை உச்சிக்கு அருகே மறைவதைக் கண்டார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணி 8.47. மகரிஷி மறைந்ததும் அந்த நேரத்தில்தான் என்று தெரியவந்தது. இதை அவரே பின்னர் சொல்லியிருக்கிறார்.

எரிநட்சத்திரத்தை அவர் படம் எடுக்கவில்லை. உலகமே கொண்டாடிய கேமராக்காரருக்கு அந்தக் கணத்தில் அகப்பட்டது நேரம் மட்டும்தான். ஆனால், ‘எப்போது, எங்கே, என்ன பார்த்தேன்’ என்று சொல்லி வைத்ததால் அந்தக் காட்சி இன்றும் பேசப்படுகிறது. பயணத்தில் படம் எடுக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளலாம். எல்லாவற்றையும் கேமராவால் பிடிக்க முடியாது. தேதியையும் இடத்தையும் குறித்து வைப்பது எல்லாராலும் முடியும்.

வண்ணத்தைத் தேடாத கிருஷ்ணன்

கறுப்பு வெள்ளையிலேயே ஒரு வாழ்நாளைக் கழித்த தமிழர் ஒருவரும் உண்டு. ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ.மாதவையாவின் மகன் மா.கிருஷ்ணன். காடு காடாக அலைந்து யானையையும் காட்டெருமையையும் பறவைகளையும் படம் எடுத்தவர். வேறு வேறு பாகங்களைச் சேர்த்துத் தானே உருவாக்கிய கேமராவுக்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பட்டப்பெயரும் வைத்திருந்தார். ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் 1950-ல் தொடங்கிய இயற்கைப் பத்தியை, 1996-ல் மறையும்வரை 46 ஆண்டுகள் எழுதினார்.

அந்தக் காலத்தில் கறுப்பு வெள்ளை ஃபிலிமுக்கு நாம் வெளிநாட்டை மட்டுமே நம்பியிருக்கவும் இல்லை. 1960-ல் ஊட்டியில் ‘ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ்’ என்ற அரசு நிறுவனம் தொடங்கப்பட்டது. அதன் ‘இந்து’ ஃபிலிம், நாடெங்கும் ஸ்டுடியோக்களுக்கும், எக்ஸ்ரே எடுக்க மருத்துவமனைகளுக்கும் போனது. வீட்டு ஆல்பத்தில் உள்ள தாத்தாவின் படம் ஊட்டி ஃபிலிமில் எடுத்ததாகக்கூட இருக்கலாம். பிறகு வண்ணம் வந்தது, டிஜிட்டல் வந்தது. அந்த ஆலை இப்போது இயங்கவில்லை. ஆனால், அந்த ஃபிலிமால் செய்ய முடிந்ததும் அதற்கு மேலும் இன்று சட்டைப் பையில் இருக்கிற செல்போனால் முடியும்.

காலையில் முகம், மாலையில் முதுகு

அப்படியானால் கீழ்பென்னாத்தூர் வழியில் எங்கே நிற்கலாம், எப்போது எடுக்கலாம்?

முதலில் திசையைத் தெரிந்துகொள்ளுங்கள். இந்தச் சாலை கிழக்கு மேற்காகப் போகிறது. கீழ்பென்னாத்தூரிலிருந்து பார்த்தால் அண்ணாமலை மேற்கே, செஞ்சி கிழக்கே. எனவே, காலைச் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து அண்ணாமலையின் முகத்தில் நேராக வெளிச்சம் அடிக்கும். மலையின் மடிப்புகளைப் பார்க்க அது நேரம். மாலையில் சூரியன் மலைப் பக்கம் இறங்கும். அப்போது மலை ஒரே கறுப்பு உருவமாக நிற்கும். 814 மீட்டர் உயர மலை சமவெளியில் தனியாக நிற்பதால், அதன் வெளிக்கோடு மட்டுமே ஒரு படத்துக்குப் போதும்.

பாறைக் குன்றுகளுக்குச் சாய்வெயில் வேண்டும். காலை எட்டு மணிக்குள், அல்லது மாலை நான்கரைக்கு மேல். பக்கவாட்டில் விழும் வெயில்தான் கல்லின் சொரசொரப்பைக் காட்டும். இந்தப் பாறைகள் இப்படி உருண்டையானதற்கு ஒரு காரணம் உண்டு. கருங்கல்லில் இயற்கையாகவே குறுக்கும் நெடுக்குமாக வெடிப்புகள் இருக்கும். அவற்றில் தண்ணீர் இறங்கி, நெடுங்காலமாகக் கல்லின் முனைகளை முதலில் அரித்துவிடும். சதுரமாக இருந்தது மெல்ல உருண்டையாகும். நடுவில் இருந்த மண் மழையில் கரைந்து போக, கல் மட்டும் கல்லின் மேல் நிற்கும். படம் எடுக்கும்போது இதை நினைத்துக்கொண்டால், எந்தப் பக்கம் நின்றால் அந்த வெடிப்புக் கோடுகள் தெரியும் என்று கண் தானாகத் தேடும்.

வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு, ஏரியில் தண்ணீர் நிற்கும் மாதங்களில், காற்று எழும்புவதற்கு முன் அதிகாலையில் கரையில் நின்றால் பனைமரம் இரண்டிரண்டாகத் தெரியும். மேலே ஒன்று, தண்ணீரில் ஒன்று. கோடையில் ஏரி வறண்டிருக்கும்போது, வெடித்த சேற்றின் கோலமே ஒரு படம். இரண்டையும் ஒரே இடத்தில் நின்று எடுத்து வைத்தால், ஊரின் ஒரு வருடம் இரண்டு படங்களில் அடங்கிவிடும்.

நேரம் இருந்தால் செஞ்சிவரை போய் வாருங்கள். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று குன்றுகளை மதில் கட்டி இணைத்த கோட்டை. 1677-ல் சிவாஜியின் கைக்கு வந்தது. 1698-ல் மொகலாயரிடம் போனது. பிறகு பிரெஞ்சுக்காரர்கள், ஆங்கிலேயர்கள். 2025-ல் மராட்டியர் கோட்டைகளின் வரிசையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. எங்கே பாறை முடிகிறது, எங்கே மதில் தொடங்குகிறது என்று சட்டென்று பிரித்துச் சொல்ல முடியாத இடங்கள் அங்கே உண்டு. கறுப்பு வெள்ளையில் அந்த மயக்கம் இன்னும் கூடும்.

சிவப்புச் சேலை எங்கே போனது?

கறுப்பு வெள்ளையில் எடுக்கும்போது பழகிக்கொள்ள வேண்டிய முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. பச்சை வயலில் சிவப்புச் சேலை கட்டிய ஒருவர் நடந்து போனால், கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும். கறுப்பு வெள்ளையில் சில சமயம் தேட வேண்டியிருக்கும். சிவப்பும் பச்சையும் ஒரே அளவு சாம்பல் நிறமாக மாறி ஒன்றில் ஒன்று கரைந்துவிடும். அதே வயலில் வெள்ளை வேட்டியோ, ஒரு கொக்கோ இருந்தால் போதும், படத்தின் நடு நாயகமே அதுதான். நிறத்தை மறந்துவிட்டு ‘எது வெளிச்சம், எது இருட்டு’ என்று பாருங்கள். கண்ணைப் பாதி மூடிப் பார்த்தால் இது சுலபமாகத் தெரியும்.

படத்தை வண்ணத்திலேயே எடுத்துவிட்டுப் பிறகு மாற்றுவது நல்லது. பல எடிட்டிங் செயலிகளில் கறுப்பு வெள்ளைக்கு மாற்றும்போது சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் என்று ‘ஃபில்டர்’ கேட்கும். சிவப்பைத் தேர்ந்தெடுத்தால் நீல வானம் கறுத்து, வெள்ளை மேகம் துருத்திக்கொண்டு நிற்கும். பச்சையைத் தேர்ந்தெடுத்தால் வயலும் இலையும் வெளுக்கும். அமெரிக்காவின் ஆன்செல் ஆடம்ஸ், 1927-ல் யோசெமிட்டி மலைப் பகுதியில் ‘ஹாஃப் டோம்’ என்ற பாறையை எடுத்தபோது, லென்ஸுக்கு முன்னால் சிவப்புக் கண்ணாடியை வைத்து இதையேதான் செய்தார். அவருக்கு அதற்காக மலையேற வேண்டியிருந்தது, நமக்கு ஒரு விரல் அசைவு.

செல்போனில் இன்னும் இரண்டு பழக்கங்கள். ஒன்று, லென்ஸைத் துடையுங்கள். பாதி மங்கல் படங்களுக்குக் காரணம் விரல் ரேகைதான். இரண்டு, திரையில் வானத்தின் வெளிச்சமான பகுதியைத் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கொஞ்சம் கீழே இழுங்கள். படம் சற்று இருண்டு வரும், மேகம் தப்பிக்கும். வெளுத்துப்போன வானத்தைப் பிறகு மீட்கவே முடியாது. இருட்டை ஓரளவு மீட்கலாம்.

ஒரே ஒரு படம்

அதே ஆடம்ஸின் இன்னொரு கதை, சாலையில் போகிறவர்களுக்கென்றே நடந்ததுபோல இருக்கும். 1941 நவம்பர் 1. நியூ மெக்ஸிகோ மாநிலத்தில் மாலை நேரத்தில் கார் ஓட்டிக்கொண்டு வந்தார். ஹெர்னாண்டஸ் என்று ஒரு சின்ன கிராமம். கொஞ்சம் வீடுகள், ஒரு தேவாலயம், கல்லறைத் தோட்டம். மேலே நிலா. மறையப்போகும் சூரியனின் கடைசி வெளிச்சம் கல்லறைச் சிலுவைகளின் மேல் பட்டுக்கொண்டிருந்தது.

காரை ஓரம் கட்டி, பெரிய கேமராவை அவசரமாகப் பொருத்தினார். வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் எங்கோ மாட்டிக்கொண்டு கிடைக்கவில்லை. நிலாவின் வெளிச்சம் இவ்வளவு என்று மனப்பாடமாகத் தெரிந்திருந்ததால் அதை வைத்துக் கணக்குப் போட்டு ஒரு படம் எடுத்தார். பாதுகாப்புக்கு இன்னொன்று எடுக்கலாம் என்று தட்டைத் திருப்புவதற்குள் சிலுவைகளின் மேலிருந்த வெயில் போய்விட்டது. கிடைத்தது அந்த ஒன்றுதான். உலகின் மிகப் புகழ்பெற்ற கறுப்பு வெள்ளை நிலக்காட்சிகளில் ஒன்றாக அது ஆனது.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஆடம்ஸ் அந்தப் படத்துக்குத் தேதி குறித்து வைக்கவில்லை! வருடத்தையே மாற்றி மாற்றிச் சொன்னார். நிலா நின்ற இடத்தை வைத்து வானியல் தெரிந்தவர்கள் கணக்குப் போட்டு, பல ஆண்டுகள் கழித்துத்தான் நாளையும் நேரத்தையும் கண்டுபிடித்துச் சொன்னார்கள்.

ஹெர்னாண்டஸ் ஒன்றும் சுற்றுலாத் தலம் அல்ல. நெடுஞ்சாலையில் போகிறவர்கள் கவனிக்காமல் தாண்டிப் போகிற ஊர், கீழ்பென்னாத்தூரைப் போல. ஒருவர் நின்று பார்த்தார், அவ்வளவுதான்.

நிற்பதற்கு முன்

நிற்பதிலும் கொஞ்சம் நிதானம் வேண்டும். இது வண்டிகள் வேகமாகப் போகும் சாலை. பைக்கிலோ காரிலோ வந்தால் தார்ச்சாலையை விட்டு நன்றாக இறங்கி நிறுத்துங்கள். குழந்தைகளைச் சாலையைப் பார்த்தபடி நிற்க வைத்துப் படம் எடுக்காதீர்கள். மழைக்காலத்தில் ஏரிக்கரை வழுக்கும். கல் வெட்டியெடுத்த பள்ளங்களில் தேங்கிய தண்ணீர் பார்க்க அழகாக இருக்கும், ஆழம் தெரியாது. பக்கத்தில் போக வேண்டாம்.

கொல்லையில் வேலை செய்கிறவர்களைப் படம் எடுக்க நினைத்தால், முதலில் போய்ப் பேசுங்கள். “ஐயா, ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?”, “அம்மா, என்ன பயிரு போட்டிருக்கீங்க?” என்று கேட்டால் போதும். மல்லாட்டை பறிக்கும் காலமாக இருந்தால், கையில் ஒரு பிடி பச்சை மல்லாட்டையும் வந்து சேரும். வேண்டாம் என்று சொன்னால் கேமராவை இறக்கிவிடுங்கள். எடுத்த படத்தை அவர்களிடம் காட்டுங்கள். அந்தப் பாறைக்கு என்ன பெயர், அந்த ஏரிக்கு எந்த மதகிலிருந்து தண்ணீர் போகிறது என்று அவர்கள் சொல்வதையும் கேட்டு வையுங்கள். வெளியூர்க்காரர் கண்ணுக்கு அது ஒரு பாறை. ஊர்க்காரர்களிடம் அதற்குப் பெயரும் இருக்கும், கதையும் இருக்கும்.

பின்பக்கம் எழுதுங்கள்

இனி, செல்போனில் ஆயிரக்கணக்கில் கிடக்கிற படங்களுக்கு வருவோம். போன் மாறும்போது பாதி போகும், ‘மெமரி ஃபுல்’ என்று வரும்போது மீதி போகும். தாத்தாவின் ஸ்டுடியோ படம் 60 வருடம் தாங்கியதற்குக் காரணம் அது காகிதத்தில் இருந்ததுதான்.

எனவே, ஊரைச் சுற்றி எடுத்ததில் நான்கே நான்கு படங்களைத் தேர்ந்தெடுங்கள். ஒரு மலை, ஒரு ஏரி, ஒரு மரம், ஒரு தெரு. பக்கத்து ஸ்டுடியோவில் கொடுத்துக் கறுப்பு வெள்ளையில் பிரின்ட் போடுங்கள். பின்பக்கம் பென்சிலால் எழுதுங்கள்: ஊர், நின்ற இடம், எந்தப் பக்கம் பார்த்து எடுத்தது, தேதி, நேரம். கூட யார் இருந்தார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். பிறகு அந்தப் பிரின்டைக் குடும்ப ஆல்பத்தில், தாத்தா பாட்டி படத்துக்கு எதிர்ப்பக்கத்தில் ஒட்டுங்கள்.

அடுத்த வருடம் அதே மாதம், அதே இடத்தில் நின்று மறுபடி ஒன்று எடுங்கள். பெரிய வித்தியாசம் தெரியாது. பத்து வருடம் கழித்துத் தெரியும். ஏரியில் தண்ணீர் நிறைந்திருந்தால் சந்தோஷப்படலாம். குன்றின் ஒரு பக்கம் காணாமல் போயிருந்தால், ‘இங்கே இருந்தது’ என்று காட்ட ஒரு படம் இருக்கும்.

அன்றைக்கு ஆல்பத்தைப் புரட்டுகிற பேத்தி கேட்பாள், “இது எந்த ஊர் பாட்டி?”

இந்த முறை பாட்டி படுதா என்று சொல்லிச் சிரிக்க வேண்டியதில்லை. படத்தைத் திருப்பிக் காட்டினால் போதும்.